நாடியா, மூச்சா?

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் அலுவலகத்திற்கு மொழிபெயர்ப்புக்கென வந்த சுகாதாரத் துறைச் சுற்றறிக்கை ஒன்றில் ‘டாஷ்போர்டு’ என்னும் சொல் மூன்று பக்கங்களுக்குள் பதினோரு முறை வந்திருந்தது. அகராதியை எடுத்துப் புரட்டினேன். பழைய நாளில் குதிரை வண்டியின் முகப்பிலே, குளம்படியிலிருந்து தெறிக்கும் சேறு வண்டியோட்டியின்மேல் படாதிருக்க ஒரு பலகை அடித்திருப்பார்கள். அதற்குத்தான் முதலில் அந்தப் பெயர். குதிரை போய் மோட்டார் வந்தது. சேற்றைத் தடுத்த பலகையின் இடத்திலே வேகத்தையும் எண்ணெய் அளவையும் காட்டும் முட்கள் வந்து அமர்ந்தன. பெயர் மட்டும் மாறவில்லை. இப்பொழுது அதே பெயர், மருத்துவமனைத் தலைவரின் அறைச் சுவரில் ஒளிரும் கணினித் திரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எத்தனை படுக்கைகள் காலியாயுள்ளன, இன்று சேர்ந்தவர் எத்தனை பேர், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போர் எத்தனை பேர், மருந்துக் கிடங்கில் எது தீரும் நிலையில் இருக்கிறது என்பவற்றையெல்லாம் வண்ணக் கோடுகளாகவும் கட்டங்களாகவும் ஒரே பார்வையில் காட்டும் திரை அது. நான் ‘நிலவரப் பலகை’ என்று எழுதி அனுப்பினேன். மேலதிகாரி அதை அடித்துவிட்டு, ‘டாஷ்போர்டு’ என்றே இருக்கட்டும் என்று குறித்தார். அவர் இங்கே இல்லாமையால் இக்கட்டுரையில் என் சொல்லையே ஆளுகிறேன்.

2020-ஆம் ஆண்டில் இந்தப் பலகை எல்லார் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அவ்வாண்டு சனவரி 22-ஆம் நாள் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் கொரோனா நோயின் உலகக் கணக்கை ஒரு படத்தில் ஏற்றி, யார் வேண்டுமாயினும் காணும்படி வைத்தனர். சில வாரங்களில் அந்தப் படத்தின் சிவப்பு வட்டங்கள் நம் நாட்டின்மேலும் படர்ந்தன. ஊருக்குப் போக இரயிலும் இன்றிப் பேருந்தும் இன்றி ஐதராபாத்தில் அடைபட்டுக் கிடந்த நாம், இங்குள்ள கணக்கையும் பார்த்தோம், சென்னையின் கணக்கையும் பார்த்தோம். இரண்டையும் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தோம். அரசின் அன்றாட அறிக்கையில் சோதனைகளைப் பற்றியும் படுக்கைகளைப் பற்றியும் விவரம் போதவில்லை என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் அவ்வாண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கடிந்துரைத்தது. மருத்துவமனைக் கணக்கு அதிகாரியின் மேசைக்கு மட்டும் உரியது என்னும் பழைய எண்ணம் அந்நாளில் தளர்ந்தது.

எனினும் இத்தகைய பலகையைப் பற்றிய முதன்மையான வழக்கு, கணினி என்னும் சொல்லே இல்லாத காலத்தில் இதே ஐதராபாத் நகரில் நடந்து முடிந்திருக்கிறது. பலகையில் முட்கள் எத்தனை இருந்தாலும் பார்ப்பவனுக்குக் கண்கள் இரண்டுதான். அவன் எந்த முள்ளைப் பார்க்க வேண்டும் என்பதே அந்த வழக்கு. உலக மருத்துவ நூல்களில் ‘ஐதராபாத் குளோரோஃபாம் கமிஷன்’ என்ற பெயரால் அது இடம் பெற்றிருக்கிறது. அப்சல்கஞ்சு வழியாக நாள்தோறும் பேருந்தில் போய்வரும் நம்மவருள் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1847 நவம்பரில் எடின்பரோ நகரத்து மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன், குளோரோஃபாம் என்னும் நீர்மத்தின் ஆவியை முகர்ந்தால் மனிதன் உணர்விழந்து உறங்குவான் என்று கண்டார். கத்தி வைக்கும்போது நாலு பேர் பிடித்துக்கொள்ள நோயாளி அலறிய காலம் அதனோடு முடிந்தது என்று உலகம் மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சி நெடுநாள் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு சனவரி 28-ஆம் நாள், இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகே ஹன்னா கிரீனர் என்னும் பதினைந்து வயதுப் பெண், கால்விரல் நகம் ஒன்றை எடுப்பதற்காக இந்த மருந்தை முகர்ந்தாள். சில நிமிடங்களில் மாண்டுபோனாள். நகத்துக்குப் போனவள் உயிரை விட்டாள். அதன்பின் இத்தகைய சாவுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்துகொண்டே இருந்தன.

காரணம் யாது? இதில் மருத்துவ உலகம் இரு கட்சியாகப் பிரிந்தது. இந்த மருந்து இதயத்தைத் தாக்குகிறது. ஆகவே மருந்து கொடுப்பவர் நோயாளியின் நாடியில் விரலை வைத்தபடியே இருக்க வேண்டும் என்றது இலண்டன் கட்சி. எடின்பரோவின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் சைமும் அவருடைய மாணாக்கரும் இதை ஏற்கவில்லை. மூச்சுத்தான் முதலில் நிற்கும், நாடி பிறகே நிற்கும். நாடியைப் பார்த்துக்கொண்டிருப்பவன் மூச்சை விட்டுவிடுவான், ஆகவே மூச்சையே பார் என்றனர் அவர்கள். இரண்டையும் பார்த்தால் என்ன என்று நமக்குத் தோன்றுகிறது. ஒரு கையில் மருந்துத் துணியைப் பிடித்துக்கொண்டு, வாடும் வெளிச்சத்தில், அறுக்கும் பெரியவரின் அவசரத்துக்கும் ஈடு கொடுத்து நிற்கும் ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். அவனுக்கு ஏதேனும் ஒன்றைத்தான் கட்டளையாகச் சொல்ல முடியும்.

சைமின் மரபில் பயின்ற எட்வர்டு லாரி என்னும் படைமருத்துவர், 1880-களில் ஐதராபாத் ரெசிடென்சி மருத்துவராகவும் இங்கிருந்த மருத்துவப் பள்ளியின் தலைவராகவும் இருந்தார். 1846-இல் தோன்றிய அப்பள்ளியே இன்றைய உஸ்மானியா மருத்துவக் கல்லூரிக்கு முன்னோடி. லாரி தம் ஆசிரியரின் கட்சியில் அசையா நம்பிக்கை உடையவர். முன்கோபியும் கூட என்பது அவருடைய எழுத்துகளைப் பார்த்தால் தெரியும். அவரிடம் பயின்றவர்களுள் ரூபாபாய் ஃபர்தூன்ஜி என்னும் பார்சிப் பெண்மணி ஒருவர். 1885-இல் பள்ளியில் சேர்ந்து 1889-இல் தேர்ச்சி பெற்ற அவர், மயக்கமருந்து கொடுப்பதையே தம் தொழிலாகக் கொண்டார். உலகில் அத்தொழிலைச் செய்த முதற் பெண்களுள் ஒருவராக அவரை இன்று கருதுகின்றனர்.

வாதத்தைச் சோதனையால் முடிக்க விரும்பிய லாரி, ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கானை அணுகினார். 1888-இல் முதற் கமிஷன் அமைந்தது. நாய்களுக்கு மருந்து கொடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றிலும் மூச்சு முதலிலும் இதயம் பின்னரும் நின்றதாக அது முடிவு கூறியது. இலண்டனின் ‘லான்செட்’ மருத்துவ இதழ் இதை ஐயத்தோடு நோக்கியது. நிஜாம் விட்டுவிடவில்லை. உங்கள் ஆள் ஒருவரையே அனுப்புங்கள், செலவு எம்முடையது என்று ஆயிரம் பவுன் கொடுக்க முன்வந்தார். இலண்டனிலிருந்து தாமஸ் லாடர் பிரண்டன் கப்பலேறினார். இவர் சாமானியர் அல்லர். நெஞ்சுவலிக்கு அமைல் நைட்ரைட் என்னும் மருந்தின் பயனை 1867-இல் கண்டு சொன்னவர். இதயத்தைப் பற்றி அறிந்தவர், அதனாலேயே குளோரோஃபாம் இதயத்துக்குச் செய்யும் கேட்டைப் பற்றி அஞ்சியவர்.

1889-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இரண்டாம் கமிஷன் ஐதராபாத்தில் கூடி வேலை செய்தது. நானூறுக்கு மேற்பட்ட விலங்குகள் அதில் மாண்டன. நாய், குரங்கு, குதிரை, ஆடு, பூனை, முயல் என்று ஒன்றையும் விடவில்லை. படிக்கும்போது மனம் கூசத்தான் செய்கிறது. ஆனால் நம் கதைக்கு வேண்டுவது அவர்கள் வைத்திருந்த கருவி. ஜெர்மானியரான கார்ல் லுட்விக் 1840-களில் அமைத்த உருளை அது. புகை படிந்த தாளைச் சுற்றிய ஓர் உருளை கடிகாரம் போல மெல்லச் சுழலும். விலங்கின் இரத்த அழுத்தம் ஏறி இறங்குவதற்கேற்ப ஒரு முள் அந்தப் புகையைக் கீறிக்கொண்டே போகும். கரிய தாளில் வெள்ளைக் கோடாக இரத்தத்தின் ஓட்டம் பதியும். கண்டவன் மறந்தாலும் கோடு மறவாது. ஐதராபாத்தில் அந்தத் தாள்களையெல்லாம் நிழற்படமும் எடுத்து வைத்தனர். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கையின் தலைமாட்டில் பச்சைக் கோடு ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புகை படிந்த தாளின் நினைவே வருகிறது.

முடிவு லாரியின் பக்கம் சாய்ந்தது. ஆபத்து மூச்சு நிற்பதனாலும் மருந்து மிகுவதனாலுமே வருகிறது. இதயத்தை மருந்து நேராகத் தாக்குவதில்லை என்று, அச்சத்தோடு வந்த பிரண்டனே இலண்டனுக்குத் தந்தி அனுப்பினார். 1890-இல் விரிவான அறிக்கை ‘லான்செட்’ இதழில் வெளியாயிற்று. நிஜாமின் நகரம் நாடிக் கட்சியை வென்றுவிட்டதாகப் பலர் எண்ணினர்.

வெற்றி உறுதியாக நிற்கவில்லை. 1893-இல் கேம்பிரிட்ஜில் காஸ்கெல், ஷோர் என்னும் இருவர் செய்த சோதனைகளில், இந்த மருந்து இதயத்தை நேராகவே நலிவிக்கிறது என்று தெரிந்தது. அதன்பின் 1911-இல் குட்மன் லெவி என்பவர், பூனைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் எவரும் எதிர்பாராத ஒன்றைக் கண்டார். மருந்து மிகும்போது மட்டுமன்று, மருந்து குறைவாக இருந்து உயிர் பாதி மயக்கத்தில் இருக்கும்போதும் சாவு வருகிறது. அச்சத்தாலும் கிளர்ச்சியாலும் உடலில் ஊறும் அட்ரினலின் என்னும் சுரப்பு அந்த நேரத்தில் இதயத்தை ஒழுங்கற்றுத் துடிதுடிக்கச் செய்து திடீரென்று நிறுத்திவிடுகிறது. ஹன்னா கிரீனர் அச்சத்தோடு நாற்காலியில் அமர்ந்த பெண். அவளுடைய சாவும் இவ்வகையினதாகவே இருக்கலாம் என்று பின்வந்தோர் பலர் கருதினர்.

அப்படியானால் ஐதராபாத்தின் உருளை பொய் சொல்லிற்றா? இல்லை. அது கீறிய ஒவ்வொரு கோடும் உண்மைதான். மருந்து மிகுந்து வரும் சாவில் மூச்சு முதலில் தடுமாறுவது உண்மை. மூச்சைப் பார் என்று லாரி தம் மாணாக்கருக்குக் கற்பித்த பாடம் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும். ஆனால் கமிஷன் பெரும்பாலும் ஒரே வகைச் சாவைத் தேடிச் சென்று அதைக் கண்டது. மற்றொரு வகைச் சாவு அவர்கள் உருளையின்முன் வந்து நிற்கவேயில்லை. வராததைக் கருவி எப்படிக் காட்டும்? நானூறு சோதனைகளில் தென்படாதது இல்லவே இல்லை என்று அவர்கள் தீர்த்துச் சொன்னதே பிழை. என் அலுவலகத்துக்கு வரும் அறிக்கைகளில் ‘பூச்சியம்’ என்று ஒரு கட்டத்தில் கண்டால் எனக்கு இப்பொழுதெல்லாம் ஓர் ஐயம் எழுகிறது: நிகழவில்லை என்று பொருளா, எவரும் பார்க்கவில்லை என்று பொருளா?

கமிஷன் காலத்து அப்சல்கஞ்சு மருத்துவமனை இன்று இல்லை. 1908 செப்டம்பர் 28-ஆம் நாள் பெருக்கெடுத்த முசி ஆறு அதை வாரிக்கொண்டு போயிற்று. தோட்டத்துப் புளியமரத்தில் ஏறிக்கொண்ட நூற்றைம்பது பேர் பிழைத்ததாகச் சொல்வார்கள். அந்த மரம் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் இன்றும் நிற்கிறது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் சார்மினாரை மட்டும் காட்டி அனுப்பாமல் அதையும் ஒருமுறை காட்டலாம்.

நாடியா மூச்சா என்னும் வழக்கைத் தீர்த்து வைத்தது ஒரு தாள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹார்வி குஷிங், எர்னஸ்ட் காட்மன் என்னும் இரண்டு மருத்துவ மாணவர்கள், தாங்கள் மயக்கமருந்து கொடுக்கும்போது நோயாளியின் நாடியையும் மூச்சையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரே தாளில் குறித்து வரும் பழக்கத்தை 1894-இல் தொடங்கினர். குஷிங்கின் கையில் ஒரு நோயாளி இறந்துபோன துயரம் அதற்குப் பின்னால் இருந்தது. 1901-இல் அவர் இத்தாலிக்குச் சென்றபோது இரத்த அழுத்தம் அளக்கும் கைப்பட்டையைக் கண்டு கொண்டுவந்தார். தாளில் மூன்றாவது கோடும் ஏறியது. 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ ஆவோயாகி, விரலில் மாட்டினால் இரத்தத்திலுள்ள உயிர்வளியைக் காட்டும் கருவிக்கு வழி கண்டார். கொரோனாக் காலத்தில் நம் வீடுகளிலெல்லாம் கிடந்த அந்தச் சிறு கவ்வி அதன் வழிவந்ததே.

காட்மன் இதோடு நிற்கவில்லை. அறுவை செய்த ஒவ்வொரு நோயாளியையும் ஓராண்டு கழித்துத் தேடிப் பிடித்து, நலமா என்று கேட்டுக் குறித்துவைத்து, அக்கணக்கை மருத்துவமனை வெளியிட வேண்டும் என்று வற்புறுத்தினார். உடன் இருந்த மருத்துவர்களுக்கு அது கசந்தது. அவர் வேலை செய்த மருத்துவமனையிலிருந்து விலக நேர்ந்தது. கணக்கு எழுதுவதை எவரும் எதிர்ப்பதில்லை. அதைச் சுவரில் மாட்டும்போதுதான் பகை வருகிறது.

ஒரு நோயாளியின் தாளைப் பற்றிச் சொன்னேன். மருத்துவமனை முழுவதையும் ஓர் எண்ணால் அளக்க முற்பட்ட கதை அதற்கும் முந்தியது. அதில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் வருகிறார். விளக்கேந்திய சீமாட்டி என்று பள்ளிப் பாடத்தில் படித்தோம். விளக்கைக் காட்டிலும் அவர் அதிகமாக ஏந்தியது கணக்குத் தாளைத்தான். கிரிமியப் போரில் குண்டால் மாண்டவரைவிட நோயால் மாண்ட வீரர் மிகப் பலர் என்பதை 1858-இல் வண்ணச் சக்கரங்களாக வரைந்து ஆட்சியாளர் கண்ணுக்கு எதிரே வைத்தார். எண்களைப் படிக்கச் சோம்பும் பெரிய மனிதர்களும் படத்தைப் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்பேர்ப்பட்டவரும் ஒருமுறை சறுக்கினார். 1863-இல் வெளிவந்த அவருடைய மருத்துவமனை நூலின் பதிப்பில் ஓர் அட்டவணை உண்டு. இலண்டனின் 24 மருத்துவமனைகளில் நூற்றுக்கு 90.84 பேர் மாண்டனர் என்றது அது. மக்கள் திடுக்கிட்டனர். கணக்கின் உள்ளே புகுந்து பார்த்தால் விஷயம் விளங்கும். ஓர் ஆண்டு முழுவதும் நேர்ந்த சாவுகள் 3,828. அவற்றை வகுத்ததோ, 1861 ஏப்ரல் 8 என்னும் ஒரே நாளில் படுக்கையில் இருந்தவர்களான 4,214 பேரால். ஆண்டெல்லாம் வந்து குணமாகிச் சென்ற ஆயிரக்கணக்கானோர் கணக்கிலேயே இல்லை. மேலே உள்ள எண்ணும் உண்மை, கீழே உள்ள எண்ணும் உண்மை. இரண்டையும் சேர்த்து எழுதியது மட்டும் உண்மையன்று. அதிகக் கூட்டமுள்ள மருத்துவமனையே மோசமானதாகத் தோன்றும் கணக்கு அது என்று அக்காலத்து மருத்துவர்கள் எதிர்த்து எழுதினர். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. இன்றைய பலகைகளிலும் நூற்றுக்கு இத்தனை என்று கண்டால், எந்த நூறு என்று கேட்பது நல்லது.

நம் நாட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், கணினியின்றியே ஒரு நல்ல நிலவரப் பலகை இருந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் தராசில் நிறுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார்கள். கோடு ஏறவேண்டிய அளவு ஏறாத குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துணவு. எடை தேறினால் நிறுத்திவிடுவார்கள். ஊரின் மொத்தக் கணக்கு ஊட்டச்சத்து மையத்தின் வாசலிலேயே பலகையில் எழுதப்பட்டது. எழுதியவள் அந்த ஊர்ப் பெண். படித்தவர்கள் அந்தக் குழந்தைகளின் தாய்மார்கள். நாட்டில் நான் கேள்விப்பட்ட பலகைகளுள் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது இதுதான். எழுதுகிற கைக்கும் உணவு கொடுக்கிற கைக்கும் இடையே தூரமே இல்லை.

ஐதராபாத்தில் 1987-இல் நிறுவப்பெற்ற எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தை அறியாதார் இல்லை. 1954-இல் வந்த ‘மனோகரா’ படத்தை இயக்கிய அதே எல். வி. பிரசாத் நிலமும் பொருளும் வழங்கியமையால் அந்தப் பெயர். அங்கே 2010 ஆகஸ்டு முதல் நோயாளிகளின் குறிப்பைக் காகிதத்தில் எழுதாமல் தாங்களே அமைத்த ஒரு கணினி முறையில் எழுதி வருகின்றனர். பத்தாண்டுகளில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோரின் குறிப்புகள் சேர்ந்துவிட்டன. 2020 ஊரடங்கின்போது நோயாளிகளின் வருகை எவ்வாறு வீழ்ந்தது, எத்தகையோர் வராமல் நின்றுபோயினர் என்பதை அந்தக் குறிப்புகளைக் கொண்டே ஆராய்ந்தனர். வந்தவர்களின் கணக்கிலிருந்து வராதவர்களைத் தேடுவது அருமையான வேலை. லாரியின் கமிஷன் செய்யத் தவறியது அதைத்தான்.

மத்திய அரசு 2008 அக்டோபரில் சுகாதார நிலையங்களின் மாதக் கணக்கு முழுவதையும் ஓரிடத்தில் திரட்டும் இணையத் தளம் ஒன்றைத் தொடங்கியது. மறு ஆண்டு, தாய்மாரையும் சேய்களையும் பெயர் பெயராகத் தொடர்ந்து கவனிக்கும் முறை வந்தது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஓர் எண். எந்தச் சோதனை எப்பொழுது, எந்த ஊசி எப்பொழுது என்று அந்த எண்ணின்கீழ் பதிவு. தவறினால் அப்பகுதி ஊழியரின் பட்டியலில் சிவப்பாகத் தோன்றும். நோக்கம் உயர்ந்தது. ஆனால் தமிழ்ப் பெண்கள் ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்ததும் தாய் வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்கள் என்பதை அந்தச் சிவப்பு அறியாது.

எங்கள் குடியிருப்பில் எதிர்வீட்டார் சங்கரன்கோவில் பக்கத்தவர். அவ்வீட்டு மருமகள் இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதற் பிரசவத்துக்காகத் தாய் வீடு சென்றாள். இங்கே ஒரு சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, இரத்தச் சோகை மிகுந்திருக்கிறது என்று நரம்பு வழியாக இரும்புச் சத்து மருந்து இருமுறை ஏற்றியிருந்தனர். புறப்படும் பரபரப்பில், எண்ணும் குறிப்பும் அடங்கிய கைப்புத்தகத்தை வீட்டிலேயே விட்டுவிட்டாள். அங்கே புதிதாகப் பதிவு செய்தார்கள். புதிய எண் கிடைத்தது. அங்குள்ள திரைக்கு அவள் ஏழாம் மாதத்தில் முதன்முதலாக வந்த பெண். இங்குள்ள திரைக்கு அவள் சிகிச்சையைப் பாதியில் விட்டு மறைந்த பெண். இரண்டு திரைகளும் தத்தமக்குத் தெரிந்ததைச் சரியாகவே காட்டின.

ஒருநாள் காலை, எதிர்வீட்டு அம்மாள் கைபேசியும் கையுமாக வந்து, “தம்பி, ஊரிலேருந்து நர்ஸம்மா பேசுறாங்க, இந்தப் புத்தகத்திலே என்ன போட்டிருக்குன்னு கேக்குறாங்க. எல்லாம் தெலுங்காயிருக்கு” என்றார். அங்கும் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, அதே மருந்தை மறுநாள் ஏற்ற முடிவு செய்திருக்கிறார்கள். முன்பு ஏதாவது ஏற்றினார்களா என்று அந்தச் செவிலியர் கேட்டபோது, ஏற்றினார்கள், என்னவென்று தெரியாது என்று பெண் சொல்லியிருக்கிறாள். அந்தப் பதிலோடு விட்டுவிடாமல் புத்தகத்தைத் தேடச் சொன்னவர் அவரே. நான் வரிவரியாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். எடை, அழுத்தம், இரத்தச் சத்தின் அளவு எல்லாம் கட்டங்களுக்குள் இருந்தன. கட்டங்களுக்கு வெளியே, பக்கத்தின் ஓரத்தில், யாரோ ஒரு மருத்துவர் சாய்வாக இரண்டு வரி எழுதியிருந்தார்: இரண்டாம் முறை ஏற்றும்போது உடல் தடித்து மூச்சு இளைத்தது, நிறுத்திவிட்டோம், இதை மறுபடி கொடுக்க வேண்டாம்.

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அவர், “சார், அந்த ரெண்டு வரியை இன்னொரு தடவை மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்றார். சொன்னேன். பக்கத்தைப் படம் எடுத்தும் அனுப்பினேன்.

அந்தப் பெண் இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அன்று உடம்பு தடித்தது முந்தின நாள் தின்ற கத்தரிக்காயின் வேலை என்று மாமியாரும் மருமகளும் முடிவு கட்டியிருந்தார்களாம். அந்த எதிர்விளைவைப் பதிய இங்குள்ள திரையில் இடம் இருந்ததா, இருந்தும் எவரும் பதியவில்லையா என்று நான் விசாரிக்கவில்லை. அங்கே மருத்துவர் அந்த மருந்தைத் தவிர்த்து வேறு வழியில் சோகையைக் கவனித்தார். பெண் குழந்தை பிறந்தது; இரண்டே முக்கால் கிலோ.

இங்கே எங்கள் பகுதி ஆஷா ஊழியருக்கு மட்டும் தொல்லை தீரவில்லை. அவருடைய பட்டியலில் அந்த எண் வாரக்கணக்கில் சிவப்பாகவே நின்றது. வீட்டுக்கு மூன்று முறை நடந்தார். மூன்றாம் முறை வந்தபோது எதிர்வீட்டு அம்மாள், ஊரிலிருந்து வந்திருந்த குழந்தையின் படத்தைக் கைபேசியில் காட்டினார். ஊழியர் பார்த்துச் சிரித்துவிட்டு, தம் கைபேசித் திரையில் அதை எங்கே பதிவது என்று சிறிது நேரம் தேடினார். பிறகு பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து, அந்தப் பெயருக்கு நேரே தெலுங்கில், தாய் வீட்டில் பிரசவம், இருவரும் நலம் என்று பேனாவால் எழுதி, தேதியும் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.